திருகாணி தேடிய வெங்கடேஸ்வரி

"ரேஷன் கடையில அரிசி சும்மா குடுக்கான். பொறவு எவன் உங்க அன்னதானக் கூடத்துக்குச் சாப்பிட வாரான் அண்ணாச்சி?"

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காத ஆள் ஸ்ரீவில்லிபுத்தூரில் இல்லை. டீக்கடையில் கேட்பார்கள். கல்யாண வீட்டில், பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்துகொண்டு, அப்பளத்தை நொறுக்கியபடியே கேட்பார்கள். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆனாலும் இந்தக் கேள்விக்கு என்னைவிட நன்றாகப் பதில் சொல்ல இந்த ஜில்லாவில் ஒருத்தன் கிடையாது. பதில்தான் தினமும் மத்தியானம் என் முன்னால் வரிசையாக வந்து உட்காருகிறதே!

அரிசி சும்மா கிடைக்கும், சரி. அடுப்பு சும்மா எரியுமா? காஸ் சிலிண்டரை ரேஷனில் உருட்டி விடுகிறார்களா? அதையும் விடுங்கள். ஒரு பெரியவர் வருகிறார். அவர் பெயர் இருக்கிற ரேஷன் கார்டு திருப்பூரில் மகன் வீட்டு அலமாரியில் இருக்கிறது. கார்டை வாங்க வேண்டுமென்றால் மருமகளிடம் பேச வேண்டும். அதற்குப் பட்டினியே கிடக்கலாம் என்பார். பெரியாஸ்பத்திரியில் புருஷனைச் சேர்த்துவிட்டு வாசலில் படுத்துக் கிடக்கிற பெண்கள் வருகிறார்கள். நோயாளிக்குப் பால், ரொட்டி உண்டு. கூட இருக்கிறவளுக்கு யார் கொடுப்பது? வெள்ளையும் சொள்ளையுமாக உடுத்தி வருகிறவர்களும் உண்டு. அவர்களைப் பார்த்தால், "இவனுக்கு என்ன கேடு, இங்கே வந்து உட்கார்ந்திருக்கான்?" என்று தோன்றும். அப்படித் தோன்றுகிற ஒரு ஆளைப் பற்றித்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

அதற்கு முன்னால் என்னைப் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டும். நான் பொன்னுராஜ். ராஜபாளையம் மார்க்கெட்டில் மாங்காய்க் கூடை சுமந்தவன். தலையில் சும்மாடு தேய்ந்த இடத்தில் இன்றுவரை முடி முளைக்கவில்லை. இன்று இந்த ஊர் மடவார் வளாகத்தில் மளிகை மொத்த வியாபாரம் என்றால் முதலில் என் கடையைத்தான் கை காட்டுவார்கள். எவன் கையையும் பிடித்து மேலே வந்தவனில்லை நான். கொரோனாவுக்கு ஊரை அடைத்துப் போட்டார்களே, அப்போது என் குடோனில் அரிசி மூட்டை அடுக்கிக் கிடந்தது, வெளியே ஜனங்கள் நின்றார்கள். கதவைத் திறந்தேன். என் வீட்டுக்காரி பரிபூரணம் அடுப்பைப் பற்ற வைத்தாள். ஊரைத் திறந்த பிறகும் நான் கதவை மூடவில்லை.

ஆனால் ஒரு கடைக்காரன் தனியாக எத்தனை நாள் ஊருக்குச் சோறு போட முடியும்? அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். பிறந்தநாள், கல்யாண நாள், தாய் தகப்பன் நினைவு நாள் என்று ஆளுக்கு ஒரு நாளை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அவர்கள் செலவில் அன்றைக்குச் சாப்பாடு. அவர்கள் பெயர் போட்ட பேனர் கட்டுவோம். முதல் கரண்டி அவர்கள் கையால் போடுவார்கள். என் மகன் ஜோயல் செல்போனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி வைப்பான். படத்தில் இலையும் நிறைந்திருக்க வேண்டும், முகமும் தெரிய வேண்டும். ஆகவே படம் எடுத்து முடிகிற வரைக்கும் யாரும் இலையில் கை வைக்கக் கூடாது என்பது ஏற்பாடு. அந்தப் படங்களைப் பார்த்துத்தான் ராஜபாளையத்திலிருந்தெல்லாம் ஆட்கள் நாள் கேட்டு வந்தார்கள்.

வெங்கடேஸ்வரி அந்தப் பந்தியில் எப்போதும் கடைசியில், சுவரை ஒட்டி உட்காருவாள். மம்சாபுரத்துக்காரி. ஐம்பது வயதைத் தொடப்போகிறவள். பஜாரில் ஒரு ஜவுளிக்கடையில் துணி எடுத்துக் காட்டி மடித்து வைக்கிற வேலை. கடையில் கொடுத்த நீலச் சேலையைக் கசங்காமல் உடுத்தி, கையில் சாப்பாட்டுப் பையோடு வருவாள். பையில் டிபன் பாக்ஸ் இருக்கும், டிபன் பாக்ஸில் ஒன்றும் இருக்காது. கூட வேலை பார்க்கிறவர்கள், "வெங்கடேஸ்வரிக்கா சொந்தக்காரங்க வீட்டுல போய்ச் சாப்பிடுது" என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஜோயல் படம் எடுக்கச் செல்போனைத் தூக்கினால் போதும், இவள் குனிந்துவிடுவாள். முகம் மடிக்குள் போய்விடும். தரையைத் தடவுவாள்.

"என்னட்டி தேடுத?" என்று பரிபூரணம் கேட்பாள்.

"தோட்டுத் திருகாணி விழுந்திருச்சு மதினி."

மறுநாளும் திருகாணி விழும். அதற்கு அடுத்த நாளும் விழும்.

"ஊருல எல்லாருக்கும் மழை விழுது. உனக்கு மட்டும் தினமும் திருகாணி விழுது. ஆசாரி கிட்டச் சொல்லி நல்லா முறுக்கி வையி" என்று என் வீட்டுக்காரி கேலி செய்வாள். பந்தியே சிரிக்கும். அவளும் சிரிப்பாள், குனிந்தபடியே.

ஒரு நாள் ரசம் ஊற்றப் போனவன் நான்தான் கவனித்தேன். வியாபாரிக் கண், எதையும் தப்ப விடாது. அவள் காதில் தோடே கிடையாது. ஓட்டை தூர்ந்து போகாமல் இருக்க, ஈர்க்குச்சியை ஒடித்துச் செருகியிருந்தாள். தோடே இல்லாதவளுக்கு ஏது திருகாணி? வாளியோடு நகர்ந்துவிட்டேன். ஒரு பெண்ணிடம் கேட்கிற கேள்வியா அது?

பிறகுதான் ராக்கப்பன் வந்தார். ராஜபாளையத்தில் மில் சாமான் வியாபாரம் செய்கிறவர், தாராளமான கை. அன்று அவருக்கு அறுபதாம் கல்யாணம். வடை, பாயாசத்தோடு சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்து, பட்டு வேட்டியும் சம்சாரமுமாக வந்து இறங்கினார். பந்தி உட்கார்ந்தது. இலை நிறைந்தது. ராக்கப்பன் பாயாசக் கரண்டியோடு வரிசையில் நடந்து கடைசி இலைக்கு வந்தார். ஜோயல் செல்போனைத் தூக்கினான். வெங்கடேஸ்வரி குனிந்தாள்.

"யக்கா, நீலச் சேலை! செத்த நேரம் தலையத் தூக்குங்க. இலை மட்டுந்தான் தெரியுது."

அவள் தூக்கவில்லை.

"யக்கா, பாயாசம் ஆறுது!"

அவள் தலையைத் தூக்கினாள். எதிரே கரண்டியோடு நிற்கிற ராக்கப்பனின் முகத்தைப் பார்த்தாள். சட்டென்று எழுந்தாள். நிறைந்த இலையை அப்படியே போட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, கைகழுவும் இடத்துக்குப் போய்விட்டாள்.

ராக்கப்பனுக்கு முகம் கறுத்துவிட்டது. "மங்கல நாளும் அதுவுமா போட்ட இலையை விட்டுட்டு எந்திரிச்சிட்டாளே! ஆமா, இது மம்சாபுரத்துப் பொம்பளையில்ல? எங்க தெரு வெள்ளத்தாய் மகனுக்குப் பேசியிருக்கிற பொண்ணோட அம்மால்லா! பொண்ணு பார்க்க நானும் போயிருந்தேனே. இவ என்ன இங்க வந்து உக்காந்திருக்கா?"

நானும் பரிபூரணமும் பின்னால் போனோம். அவள் குழாயைத் திறந்துவிட்டு, கழுவாத கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அழவில்லை. அதைச் சொல்ல வேண்டும். அந்தப் பெண் அழுது நான் பார்த்ததே இல்லை.

"அவரு என்னைப் பாத்துட்டாருல்லா அண்ணாச்சி?"

"பாத்துட்டாரு தாயி. உங்க வீட்டுல அரிசி இல்லையா?"

"அரிசி இருக்கு. அவுகளுக்கும் மகளுக்கும் ராத்திரி ஒரு நேரம் பொங்குறேன். மிச்சத்தை மறுநாள் தண்ணி ஊத்திக்கிடுவாக. என் பங்கு இங்க. அதுல மிஞ்சுறது சீட்டுக்குப் போவுது."

மெதுவாக, துணி மடிக்கிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னாள். புருஷன் பாண்டிதுரை மாந்தோப்பு குத்தகை எடுத்து வாழ்ந்த ஆள். அறுப்புக் காலத்தில் இவர்கள் வீட்டு முற்றத்தில் வேலையாட்களுக்கு இலை போட்டிருக்கிறார்கள். ஒரு காலையில் அவருக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. கையும் வராது, பேச்சும் குழறும். தோப்பு போனது. இவளுடைய தோடு போனது. மகள் மாரீஸ்வரிக்குப் பட்டாளத்தில் இருக்கிற பையன் வேல்பாண்டியைப் பேசியிருந்தார்கள். வெறும் காதோடு மகளை அனுப்பக் கூடாது என்று இவள் சீட்டுப் போட்டாள். சீட்டுப் பணத்துக்கு வீட்டில் எங்கே வெட்டலாம் என்று பார்த்தாள். தன் வயிற்றைத் தவிர வேறு இடம் தெரியவில்லை.

"அடி பாவி, போட்டோ வேண்டாம்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றாள் பரிபூரணம்.

"ஏற்பாடு அப்படியிருக்கு. சோத்தையும் வாங்கிக்கிட்டு நான் எப்படி மதினி சொல்லுவேன்?" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். "ஆனா இப்பக் கேக்கேன் அண்ணாச்சி. சோறு போடுறீக, சந்தோசம். அதுக்கு எங்க மூஞ்சிய எதுக்கு வாங்குறீக?"

என்னை எதிர்த்துப் பேசுகிறவன் இந்த வளாகத்தில் கிடையாது. மொத்த வியாபாரச் சங்கத்திலேயே நான் எழுந்து நின்றால் மற்றவர்கள் உட்காருவார்கள். அவள் கேட்டுவிட்டாள். நியாயமான கேள்வியோடு மல்லுக்கு நிற்கிற முட்டாளும் நானில்லை. நேரே பந்திக்கு வந்தேன்.

"லேய் ஜோயல், போனைப் பைக்குள்ள போடு. இன்னையிலேர்ந்து இங்க போட்டோ கிடையாது. எல்லாரும் இலையில கைய வைங்க."

ராக்கப்பன் கரண்டியோடு திரும்பினார். "என்ன அண்ணாச்சி இது? இம்புட்டுச் செலவு பண்ணியிருக்கேன். நான் போட்டதுக்கு எனக்கு என்ன அடையாளம்?"

"உங்க பாயாசம் அவிய வயித்துக்குள்ள போவுது. அதுக்கு மேல என்ன அடையாளம் வேணும் உங்களுக்கு?"

அவர் பேனரைக் கழற்றச் சொல்லி, சுருட்டிக் காரில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அதன் பிறகு நாள் கேட்டு வருகிறவர்கள் குறைந்தார்கள். ஏற்கெனவே நாள் கேட்டிருந்தவர்களும், "போட்டோ இல்லையாமே? சரி, அடுத்த வருசம் பாப்போம்" என்றார்கள். ஜோயல் முனகிக்கொண்டே இருந்தான். "யப்பா, முகத்தை மறைச்சாவது எடுப்போம். இல்லேன்னா கூடத்தை மூட வேண்டியதுதான்." மூடுவதா? கூடை சுமந்த காலத்தில் பாதி வழியில் சுமையை இறக்கி வைத்தவனில்லை நான். கடையிலிருந்து அரிசி எடுத்துப் போட்டேன். கடையும் எத்தனை நாள் தாங்கும் என்று எனக்குத் தெரியாதா?

வெங்கடேஸ்வரி இலையை விட்டு எழுந்து போன மறுநாளே திரும்ப வந்திருந்தாள். அவளை நான் எதிர்பார்க்கவில்லை. அதே நீலச் சேலை, அதே இடம். ஆனால் குனியவில்லை. சில வாரம் கழித்து ஒரு நாள், சாப்பிட்டு முடித்து அடுப்படிக்கு வந்தாள்.

"அண்ணாச்சி, என்னாலதான ஆளு வரத்து நின்னுச்சு? அரிசிக்கு நான் வழி சொல்லுதேன். காலி டின்னு இருக்கா உங்க கடையில?"

"பிஸ்கட் டின்னு கிடக்கு. எதுக்கு?"

"பிடி அரிசி எடுக்க."

மகாராஜபுரத்தில் அவளுடைய பிறந்த வீட்டுப் பக்கம் உள்ள பழக்கம் அது. ஒவ்வொரு வீட்டிலும் உலைக்கு அரிசி களையும்போது ஒரு பிடி எடுத்துத் தனி டின்னில் போட்டுவிடுவார்கள். அம்மன் கோயில் கஞ்சிக்கு ஊரெல்லாம் அப்படித்தான் சேர்ப்பார்கள். உலையில் ஒரு பிடி குறைவது யாருக்கும் தெரியாது. யார் போட்டது என்றும் தெரியாது. பேனருக்கு அங்கே இடமே இல்லை.

"தினம் ஒரு பிடி. அதுக்கு மேல யாரு குடுத்தாலும் வாங்கக் கூடாது. வாங்குனா குடுத்தவுக பேரைச் சொல்ல வேண்டி வரும். சாப்பிட வாரவுகளும் வீட்டுல அடுப்பு பத்த வைக்கிற அன்னைக்கு ஒரு பிடி போடட்டும்."

ஜவுளிக்கடைக்கு விடுமுறை விடுகிற நாளில் சாக்கோடு கிளம்பினாள். வளாகத்துத் தெருக்களில் வீட்டுக்கு ஒரு டின் வைத்தாள். அடுத்த விடுமுறையில் போய் எடுத்து வந்தாள். அங்கேதான் ஒரு தொல்லை வந்தது. சாக்கில் பொன்னி, ரேஷன் புழுங்கல், பச்சரிசி எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடந்தது. பரிபூரணம் வடித்துப் பார்த்தாள். பச்சரிசி கூழாகிவிட்டது, புழுங்கல் விதை விதையாக நின்றது.

"இது சோறா, சிமிட்டிக் கலவையா?" என்று கரண்டியைத் தூக்கிக் காட்டினாள்.

"சோறா வடிச்சாத்தான மதினி சண்டை போடும்? மில்லுல குடுத்து எல்லாத்தையும் நொய்யா உடைச்சிட்டு வாங்க. கஞ்சி காச்சுவோம்" என்றாள் வெங்கடேஸ்வரி.

நொய்யில் பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு போட்டு, தேங்காய் சேர்த்து, துவையலோடு கொடுத்தோம். ஆஸ்பத்திரி வாசல் பெண்கள் அன்று இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்கள். திருப்பூர் மகனின் தகப்பனார், "பல்லுக்கு வேலையில்லை அண்ணாச்சி, இதையே போடுங்க" என்றார். இலையும் மிச்சம். எவர்சில்வர் கிண்ணம் வாங்கிப் போட்டேன். கஞ்சித் தொட்டி என்றே ஊர் பேர் வைத்துவிட்டது. இருக்கட்டும். என் தொட்டி மாதிரி ஒரு தொட்டி எங்கே இருக்கிறது, காட்டுங்கள் பார்ப்போம்.

கூடம் நிமிர்ந்துவிட்டது. ஆனால் வெங்கடேஸ்வரியின் காரியம் அப்படியே நின்றது. கல்யாணத் தேதி குறிக்க வருகிறோம் என்று சொன்ன மாப்பிள்ளை வீட்டார் வரவில்லை. போன் போட்டால் மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. ராக்கப்பன் சொல்லியிருப்பார் என்று எங்களுக்குப் புரிந்தது. மாரீஸ்வரி வீட்டில் பேசுவதை நிறுத்திவிட்டாள். படுக்கையில் கிடக்கிற பாண்டிதுரைக்கு எதுவும் சொல்லவில்லை.

நான் ஒரு யோசனை சொன்னேன். "தாயி, நீ இங்க சம்பளத்துக்கு மேற்பார்வை பாக்கறன்னு நான் போய்ச் சொல்லுதேன். பொன்னுராஜ் சொன்னா ராஜபாளையத்துல மறுத்துப் பேச மாட்டாங்க."

"வேண்டாம் அண்ணாச்சி. பொய்யச் சொல்லி அனுப்பி வச்சா, அந்த வீட்டுல இருக்கிற வரைக்கும் அதை என் மகதான் காப்பாத்தணும். வண்டிய மட்டும் எடுங்க. ராஜபாளையத்துல இன்னும் நாம டின்னு வைக்கலைல்லா?"

அவள் எந்தத் தெருவுக்குப் போகச் சொல்கிறாள் என்று எனக்கு விளங்கிவிட்டது.

என் சரக்கு ஆட்டோவில் பின்னால் டின்களை ஏற்றினோம். நான்தான் ஓட்டினேன். என் வயதில் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவன் இந்த ரோட்டில் நான் ஒருத்தன்தான். மம்சாபுரத்துக்குப் பிரிகிற விலக்கைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். சாக்கை மடியில் மடித்து வைத்து, நேராக உட்கார்ந்திருந்தாள். காதில் புது ஈர்க்குச்சி.

வெள்ளத்தாய் வீட்டு வாசலில் இறங்கியதும் ஒரு டின்னையும் சாக்கையும் கையில் எடுத்துக்கொண்டு தானே போய்க் கதவைத் தட்டினாள். நான் ஆட்டோ பக்கத்தில் நின்றுகொண்டேன். வெள்ளத்தாய் கதவைத் திறந்தார். இரண்டு மகன்களைப் பட்டாளத்துக்கு அனுப்பியவர், குரலிலேயே அது தெரியும்.

"யாரு... மதினியா? என்ன சாக்கும் கையுமா?"

"மடவார் வளாகத்துக் கஞ்சித் தொட்டிக்குப் பிடி அரிசி கேட்டு வந்திருக்கேன் மதினி."

"சம்பந்தம் பேசின வீட்டு வாசல்ல சாக்கோட வந்து நிக்கிறது ஊருலயே நீங்க ஒருத்தராத்தான் இருப்பீக." வெள்ளத்தாய் உள்ளே வரச் சொல்லவில்லை. "ராக்கப்பன் அண்ணன் ஒண்ணு சொன்னாக. நான் நம்பல. நீங்க அங்கன உக்காந்து சாப்பிடுறீகளாமே?"

"ஆமா. மத்தியானம் ஒரு நேரம். அங்கதான் சாப்பிடுதேன்."

"ஏன், மகளுக்குச் சோறு போடக்கூட வழியில்லாத வீட்டுலயா நாங்க பொண்ணு எடுக்கோம்?"

"மகளுக்குப் போட வழியிருக்கு. அவுக அப்பாவுக்கும் இருக்கு. எனக்குப் போட்டுக்கிட்டா உங்க வீட்டுக்கு வார மருமகளுக்குத் தோடு சேர்க்க வழியில்ல. அதான் என் சோத்தை அங்க வச்சுக்கிட்டேன். மறைக்கணும்னுதான் மதினி இம்புட்டு நாள் குனிஞ்சே கிடந்தேன். இனி முடியாது. பிடிச்சிருந்தா எடுங்க, இல்லேன்னா சொல்லிருங்க. அரிசியை மட்டும் இல்லேன்னு சொல்லாதீக. அது என் வீட்டுக்கு இல்ல."

எதிர்வீட்டுத் திண்ணையில் பூக்கட்டிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டார்கள். வெள்ளத்தாய் உள்ளே போனார். கதவு திறந்தபடி இருந்தது. இனி திரும்பி வர மாட்டார், வண்டியைத் திருப்ப வேண்டியதுதான் என்று நான் சாவியைக் கையில் எடுத்தேன். வெங்கடேஸ்வரி அசையவில்லை.

வெள்ளத்தாய் முறம் நிறைய அரிசியோடு வந்தார். சாக்கைப் பார்த்து முறத்தைச் சாய்த்தார். வெங்கடேஸ்வரி சாக்கின் வாயை மூடிவிட்டாள்.

"பிடிதான் மதினி. பிடிக்கு மேல வாங்க மாட்டோம்."

"அடேயப்பா! வாங்க வந்த இடத்துல சட்டம் வேறயா?"

"ஆமா. யாரு வீட்டுக்கும் அதே சட்டந்தான்."

வெள்ளத்தாய் முறத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, கையை அரிசிக்குள் விட்டார். "என் கை பெரிய கை. பொறவு கூடுதல்னு சண்டைக்கு வரக் கூடாது." ஒரு பிடி எடுத்துச் சாக்கில் போட்டார். "டின்னை உள்ள வச்சிட்டுப் போங்க. அடுத்த வாரம் எடுக்க வரும்போது பையனும் லீவுல வந்திருப்பான். தேதி குறிச்சுக்கிடுவோம். ஆனா ஒண்ணு சொல்லிட்டேன் மதினி..."

"சொல்லுங்க."

"மொதல்ல உங்க காதுக்கு ஒரு கவரிங்காவது வாங்கி மாட்டுங்க. பந்தக்கால்ல ஈர்க்குச்சியோட நின்னு எங்க மானத்தை வாங்காதீக."

வெங்கடேஸ்வரி சிரித்தாள். நிமிர்ந்தபடி அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். டின்னை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, ஆட்டோவிலிருந்து இன்னொன்றை எடுத்தாள்.

"போதும் தாயி, வந்த காரியம் முடிஞ்சுது. வீட்டுக்குப் போவோம்" என்றேன்.

"அது என் காரியம் அண்ணாச்சி. தொட்டிக்கு ஒரு பிடிதான கிடைச்சிருக்கு? இந்தத் தெருவுல இன்னும் எம்புட்டு வீடு இருக்கு!"

அடுத்த வாசலில் பெரிய கேட் இருந்தது. கேட்டில் ராக்கப்பன் பெயர் பித்தளையில் மின்னியது. நான் தயங்குவதற்குள் அவள் போய் மணியை அழுத்திவிட்டு, டின்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.